நாய்க்கடி ஊசி, நாலு தவணை: ஒரு பேப்பர்காரனின் மதிப்பீடு

இதுவரை நான் மதிப்பெண் போட்டு எழுதியதெல்லாம் ரெயின்கோட், தலையில் மாட்டும் டார்ச், வண்டி முன்னால் தொங்கவிடும் சாக்குப்பை, டீ ஃபிளாஸ்க். விடிகாலை நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு வேண்டிய சாமான்கள். இந்தத் தடவை நாய்க்கடி ஊசி. நாலு தடவை போனேன், கையில் மொத்தம் எட்டுக் குத்து. அது போக முதல் நாள் காயத்துக்குள்ளேயே போட்ட இன்னொரு மருந்து, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊசிகளுக்குச் செலவு வண்டிக்குப் பெட்ரோல் மட்டும்.

ரெயின்கோட் நல்லதா என்று மழையில் போட்டுக்கொண்டு போனால் தெரிந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை. ஊசி வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. கடித்த நாய்க்கு நோயே இல்லாமல் இருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஊசி வேலை செய்யாமல் போனால் விமர்சனம் எழுத ஆள் இருக்க மாட்டான். ஆகவே எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிற பொருள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 5.10. பண்டில் தாமதமாக வந்த நாள், காற்று வேறு. ஒரு வீட்டு கேட்டுக்குள் பேப்பரை வீசிவிட்டு வண்டியைத் திருப்பினேன். சாக்கடை வேலைக்காக வீதியோரம் இறக்கிப் போட்டிருந்த சிமெண்ட் குழாய்க்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. குரைக்கிற நாயோடு 28 வருஷப் பழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் சும்மா நின்றால் போய்விடும். இது குரைக்கவே இல்லை. வந்தது, இடது கெண்டைக்காலைப் பிடித்தது, குழாய்க்குள் போய்விட்டது. மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே இரண்டு ஓட்டை, பக்கத்தில் ஒரு நீளக் கீறல்.

இங்கே என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மீதி 40 பேப்பரைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். முக்கால் மணி நேரம்.

"ஏனுங்க, காலெல்லாம் ரத்தம்!" என்று கத்தியவள் அடுத்த நொடி என்னை வாசல் குழாயடியில் உட்கார வைத்துவிட்டாள். என் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். துணி துவைக்கிற நீலக் கட்டி சோப்பு, ஓடுகிற தண்ணீர், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் போதும் என்றேன். "உங்களைக் கேக்கல" என்றாள். அம்மா உள்ளேயிருந்து மஞ்சள் தூளும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். அது அப்படியே திரும்பிப் போனது.

சோப்புக்கு ஏன் இந்த மரியாதை என்பது எனக்கு அன்று இரவு மகள் சொல்லித்தான் தெரியும். அவள் நுண்ணுயிரியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ரேபிஸ், அதாவது வெறிநோய் வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. அது வைரஸின் சொந்தச் சரக்கும் அல்ல. எந்தச் செல்லில் இருந்து வெளியே வந்ததோ அதன் தோலையே கொஞ்சம் கிள்ளிச் சுற்றிக்கொண்டு வருகிறது. தோசைக்கல் எண்ணெயை சோப்பு எப்படிப் பிரித்து எடுக்கிறதோ அப்படியே இந்தச் சவ்வையும் பிரித்துவிடும். சவ்வு போனால் அதில் முள் முள்ளாகக் குத்தி நிற்கும் புரதமும் போச்சு, செல்லைத் திறக்கிற சாவியும் போச்சு. கொரோனா காலத்தில் கை கழுவச் சொன்னதும் இதே கணக்குத்தான், அந்த வைரஸுக்கும் கொழுப்புச் சவ்வு. பத்து ரூபாய் சோப்பு இவ்வளவு செய்கிறது. எனவே முதல் மதிப்பெண் அதற்கு, ஐந்துக்கு ஐந்து.

எட்டு மணிக்கு ஒரு தனியார் கிளினிக். பக்கத்தில் இருக்கிறது, சீக்கிரம் முடியும் என்று போனேன். ஒரு டி.டி. ஊசி, அதாவது ரணஜன்னி தடுப்பூசி போட்டார்கள். கீறல் கொஞ்சம் பிளந்திருக்கிறது, இரண்டு தையல் போட்டுவிடலாம் என்றார்கள். நாய் வெறிநாய் மாதிரி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை, குட்டி போட்ட நாய் என்றேன். அப்படியென்றால் பயமில்லை, இரண்டு நாள் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். இருநூறு ரூபாய். என் மனைவி தையல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. பூஜ்யம் போடலாம் என்று நினைத்தேன், ஆனால் டி.டி. ஊசி ஒழுங்காகத்தான் போட்டார்கள்.

அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். காலைப் பார்த்தார், தோல் கிழிந்து ரத்தம் வந்திருக்கிறது, மூன்றாம் வகை என்றார். நாய் தொட்டது, காயமில்லாத தோலை நக்கியது என்றால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத சிராய்ப்பு இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியைப் பிடித்து முடக்கும் தயார் எதிர்ப்பொருள்) வேண்டும். குட்டி போட்ட நாய், சீண்டியதால் கடித்தது என்று நான் நியாயம் பேசினேன். "அண்ணா, நாய்க்குக் காரணம் இருக்கலாம். வைரஸ் காரணம் கேக்காது" என்றார். தையல் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கடித்த இடத்தில் ஊசியும் நூலும் விட்டுக் குத்தினால் மேலே இருக்கிற கிருமியைக் கையோடு நரம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி என்றார். தவிர்க்கவே முடியாத காயமென்றால்கூட இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, தளர்வாக ஒன்றிரண்டு தையல்தானாம்.

முதல் தவணைத் தடுப்பூசியை அங்கேயே போட்டார்கள். இரண்டு புஜத்திலும் ஒவ்வொன்று, தலா 0.1 மில்லி. சதைக்குள் அல்ல, தோலுக்குள்ளேயே. குத்திய இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சின்னக் கொப்புளம், ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக எழும்ப வேண்டும். எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வலி எறும்புக் கடி அளவு. சதையில் போடும் முறையும் உண்டு, அதற்கு ஐந்து நாள் ஐந்து முழு டோஸ். தோலில் போட்டால் அதில் ஒரு துளிதான் செலவு. தோலுக்குள் காவல்கார செல்கள் நெருக்கமாக இருக்கின்றன, கொஞ்சம் மருந்துக்கே எல்லாம் விழித்துக்கொள்ளும். ஒரு குப்பியில் பல பேருக்குப் போடலாம்.

அதில் ஒரு சின்னத் தொல்லை. குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. அதனால் நாய்க்கடிக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். தனியாகப் போனவனையும் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் "இன்னும் ரெண்டு பேர் வர்ற நேரம்தான், கொஞ்சம் உக்காருங்க அண்ணா" என்று ஒரு சிரிப்பு உண்டு. பெஞ்சு இரும்பு, குறுகல். பின்னால் சாய சுவர்கூட இல்லை.

இம்யூனோகுளோபுலினுக்குத் தாலுகா அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கே போங்கள், முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்கு மேல் போனால் பிரயோஜனம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

முதலில் எடை பார்த்தார்கள். 68 கிலோ. கிலோவுக்கு 40 யூனிட், ஆக அதிகபட்சம் 2,720 யூனிட் வரை. மருந்து குதிரையிடம் இருந்து வருகிறது. குதிரைக்கு ரேபிஸ் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதன் ரத்தத்தில் ஊறிய எதிர்ப்பொருளை எடுத்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். அதனால் ஒவ்வாமை உண்டா, முன்னே எப்போதாவது குதிரைச் சீரம் போட்டிருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, ஒரு ஓரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுப்பதும் உண்டு, அது கிலோவுக்கு 20 யூனிட் போதும். விலை பல மடங்கு.

இப்போது அந்த ஊசி. இரண்டு ஓட்டைக்குள்ளும், கீறலின் இரு கரையிலும், காயத்துக்கு நடுவிலேயே ஊசியை விட்டு மருந்தை இறக்குகிறார்கள். காலைத் தூக்கிவிடாமல் இருக்க ஒரு அண்ணன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கெண்டைக்கால் ஊதிக் கல் மாதிரி ஆகிவிட்டது. நான் 52 வயது ஆள், சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. காயத்துக்குள் போக முடிந்த அளவுதான் போட்டார்கள், மீதியைத் தொடையில் ஏற்றும் பழைய வழக்கம் இப்போது தேவையில்லை என்றார்கள். பிறகு அரை மணி நேரம் கட்டிலிலேயே இருக்கச் சொன்னார்கள். வலிக்கு மதிப்பெண் குறைப்பதாக இருந்தால் ஐந்துக்கு ஒன்றுதான் போடுவேன். காரணம் தெரிந்த பிறகு குறைக்க மனசு வரவில்லை.

காரணத்தை என் தொழில் பாஷையில் சொன்னால்தான் எனக்கே புரியும். பேப்பர் ஏஜெண்ட் ஆவதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். வைரஸ் என்பது அச்சகம் இல்லாத பத்திரிகை. கையில் மேட்டர் மட்டும் இருக்கிறது. மெஷின் இல்லை, மை இல்லை, தாள் இல்லை, கரண்ட் இல்லை. யாருடைய அச்சகத்துக்குள்ளாவது புகுந்து, அவர்கள் ஆளையும் மையையும் வைத்துத் தன் பிரதியை ஓட்டிக்கொண்டால்தான் உண்டு. அதற்குள் போகாதவரை அது சும்மா கிடக்கும் ஒரு துகள், சாப்பிடாது, மூச்சுவிடாது. ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம். ஒரு மில்லிமீட்டருக்குள் 5,500 வைரஸைத் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைக்கலாம். அதன் மேட்டர் மொத்தமே 12,000 எழுத்து சொச்சம், ஏறக்குறைய எங்கள் பேப்பரில் ஒரு பக்கம். அதற்குள் ஐந்தே ஐந்து மரபணு. ஒரு பக்கத்து மேட்டர் ஓர் ஆளைச் சாய்க்கிறது.

இன்னொன்று மகள் சொன்னபோது எனக்குப் பழைய ஈய எழுத்து ஞாபகம் வந்தது. அச்சு எழுத்து கட்டையில் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும், தாளில் பதிந்தால்தான் நேராகும். இந்த வைரஸின் மேட்டர் எழுதியிருக்கிற ஆர்.என்.ஏ. இழையும் அப்படித் திருப்பிப் போட்ட பாடம். நம் செல் அதை நேரடியாகப் படிக்காது. அதனால் நேராக்கிப் பிரதி எடுக்கும் புரதத்தை வைரஸ் தன் கையோடு கொண்டு வருகிறது. சொந்தமாகக் கொண்டுவரும் ஒரே மெஷின் பாகம் அதுதான்.

சரி, கெண்டைக்காலுக்கு வருவோம். எச்சிலோடு சதைக்குள் இறங்கிய வைரஸ் முதலில் அங்கேயே கொஞ்சம் தங்கும். சில நாளோ சில மாதமோ. பிறகு சதையும் நரம்பும் சந்திக்கிற முனையில் நரம்புக்குள் ஏறிவிடும். ஏறிய பிறகு அது நீந்துவதில்லை. நரம்புக்குள் சரக்குகளை நுனியிலிருந்து மூலத்துக்கு இழுத்துப் போக ஏற்கெனவே ஒரு தடம் இருக்கிறது, அதில் தொற்றிக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். காலில் இருந்து தண்டுவடம், தண்டுவடத்தில் இருந்து மூளை. இதனால்தான் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கிறது, சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருஷம்கூட. முகத்திலும் கழுத்திலும் கடித்தால் தூரம் குறைவு. குழந்தைகளுக்கு நாயின் வாயும் முகமும் ஒரே உயரம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சந்தேக நாய்க்கடி பட்டவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள்.

நரம்புக்குள் ஏறிவிட்டால் ரத்தத்தில் திரியும் காவலுக்கு அது கண்ணில் படுவதில்லை. ஆகவே பிடிப்பதென்றால் ஏறுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். தடுப்பூசி போட்டவுடனே உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடாது, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்த காவல்தான் குதிரையின் எதிர்ப்பொருள். வைரஸ் எங்கே நிற்கிறதோ அந்த வாசலிலேயே நிறுத்தினால்தான் பலன், அதனால்தான் காயத்துக்குள்ளேயே குத்துகிறார்கள். பெரும்பாலான தடுப்பூசிகளை நோய் வருவதற்கு வருஷக்கணக்கில் முன்பே போட்டுக்கொள்கிறோம். இதைக் கிருமி உள்ளே வந்த பிறகு போட்டாலும் ஜெயிக்கலாம், ஏனென்றால் கிருமி நடந்து வருகிறது. காய்ச்சல் வைரஸ் மாதிரி இரண்டு நாளில் வேலையை முடிக்கிற ஆள் என்றால் இந்த வியாபாரமே கிடையாது.

மூளைக்குப் போன பிறகு என்ன என்று கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேட்டுவிட்டேன். கடிபட்ட இடத்தில் பழைய காயம் திரும்பக் குறுகுறுக்குமாம். காய்ச்சல், தூக்கமின்மை, பிறகு தண்ணீர் குடிக்கப் போனால் தொண்டைச் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக் காற்று பட்டாலே இழுக்கும் சிலருக்கு. தண்ணீரைக் கண்டு பயம் என்று நாம் சொல்வது அதுதான். நாய்க்கும் இதே கதை. விழுங்க முடியாததால் எச்சில் வழிகிறது, அந்த எச்சிலில் வைரஸ் நிறைந்திருக்கிறது, மூளை குழம்பியதால் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது. ஒரு பக்க மேட்டரில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து இல்லை. 2004இல் அமெரிக்காவில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண் ஒருத்தி, ஊசி எதுவும் போடாமலே, மயக்கத்தில் வைத்துச் செய்த சிகிச்சையில் பிழைத்தாள். அதே முறையைப் பிறகு பல பேருக்குச் செய்தும் அநேகமாகக் கைகொடுக்கவில்லை. உலகத்தில் வருஷத்துக்கு 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்.

பழைய மாடலோடு ஒப்பிடாமல் எந்தச் சாமானுக்கும் விமர்சனம் முடியாது. எங்கள் வீட்டில் பழைய மாடலைப் பயன்படுத்தியவர் பெரியப்பா. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவரைத் தோட்டத்து நாய் கடித்தது. 14 நாள், 14 ஊசி, தொப்புளைச் சுற்றி. தினமும் முதல் பஸ்ஸில் போய் மதியம் வருவார். வயிறு வரப்பு மாதிரி தடித்திருக்கும், பெரியம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். ஊசி தொடங்குவதற்கு முன்னால் பாட்டி அவரைக் கிணற்றில் எட்டிப் பார்க்கச் சொன்னாள், தண்ணீரில் நாய் முகம் தெரிந்தால் விஷம் ஏறிவிட்டதாம். அவர் முகம்தான் தெரிந்தது. "அதுவும் நாய் மாதிரிதான் இருந்துச்சு" என்று ரொம்ப வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த 14 ஊசியில் இருந்தது ஆட்டு மூளை. உண்மையாகவே. ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, அரைத்து, ஃபீனால் போட்டு வைரஸைக் கொன்று தயாரித்தது. இமயமலைப் பக்கம் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் செய்த முறை. மூளைச் சரக்கோடு சேர்த்து உடம்புக்குள் போவதால் சில பேருக்கு அவர்களுடைய நரம்பையே உடம்பு எதிரியென்று நினைத்துத் தாக்கிவிடும், கை கால் விழுந்துவிடும். அப்படியும் அது எத்தனையோ ஆயிரம் பேரைக் காப்பாற்றியது. 2005 வாக்கில்தான் இந்தியாவில் அதை அடியோடு நிறுத்தினார்கள். அதாவது என்னிடம் லைனில் பேப்பர் போடும் பையன்கள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்வரை அந்த ஊசி புழக்கத்தில் இருந்திருக்கிறது.

எங்கள் மொட்டைமாடியில் இருந்து பார்த்தால் நீலகிரி தெரியும். அந்த மலைமேல் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதிலும் இருந்து நாய்க்கடிக்காரர்கள் மேட்டுப்பாளையம் வந்து மலை ரயிலேறி அங்கே போயிருக்கிறார்கள். இந்த ஊசியை உலகுக்குக் கொடுத்த லூயி பாஸ்டியரின் பெயர்தான் அதற்கு. அவர் 1885 ஜூலை 6ஆம் தேதி பாரீசில் யோசெஃப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு, நோய் கண்டு செத்த முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தைப் போட ஆரம்பித்தார். வைரஸ் என்று ஒன்று இருக்கிறதென்றே அப்போது யாருக்கும் தெரியாது. எதிரி யாரென்று பார்க்காமலே அவனுக்கு மருந்து செய்திருக்கிறார். பையன் பிழைத்தான்.

இப்போதைய ஊசியில் ஆடும் இல்லை, முயலும் இல்லை. ஆனால் எனக்குப் போட்டதில் குரங்கு உண்டு, தூரத்துச் சொந்தமாக. 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து எடுத்த செல்களை இன்று வரை கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து வருகிறார்கள். வீரோ செல் என்று பெயர். அதில் வைரஸைப் பயிர் செய்து, கொன்று, சுத்தம் செய்து, உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். செத்த வைரஸ் என்பதால் ஊசியால் நோய் வராது, இதை வரிசையில் ஒரு அம்மா கேட்டே கேட்டார்.

வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாம் நாளில் இருந்து நாங்கள் ஒரு குடும்பம். பூனை பிறாண்டிய பள்ளிக்கூடப் பெண். பிஸ்கட் போடும்போது விரலைக் கடிபட்ட கம்பெனி வாட்ச்மேன். மாடு வெறி வந்து செத்துவிட்டது, அதற்கு முந்தின நாள் கறந்த பாலைக் குடித்துவிட்டேன் என்று வந்த ஒரு பாட்டி. காய்ச்சித்தானே குடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "காய்ச்சாம யாரு கண்ணு குடிப்பா?" காய்ச்சிய பாலில் வைரஸ் நிற்காது. ஆனால் மாட்டின் வாய்க்குள் கை விட்டுத் தீவனம் கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி கேட்டார். பாட்டி யோசித்தார், கைவிரல் கீறலைக் காட்டினார். அவரும் எங்கள் வரிசையில் சேர்ந்துவிட்டார். எலி கடித்து வந்த ஒருவருக்கு ஊசி தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் போட்டுக்கொண்டுதான் போவேன் என்று நின்றார்.

எல்லோரும் கேட்கிற கேள்வி பத்தியம். கோழி சாப்பிடலாமா, தலைக்குக் குளிக்கலாமா, வாட்ச்மேன் மட்டும் குரலைத் தாழ்த்தி இன்னொன்று. பத்தியம் எதுவும் கிடையாது. சிஸ்டர் கேட்டது வேறு: மலேரியா மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்று. குளோரோகுயின் மாத்திரை தோலில் போடும் இந்த ஊசியின் பலனைக் குறைக்குமாம். பத்தியத்துக்கு அவ்வளவு விசாரிக்கிற நாங்கள் அதைச் சொல்ல மறந்திருப்போம்.

மூன்றாம் நாள் (முதல் ஊசி நாளைச் சேர்க்காத கணக்கு), வெள்ளிக்கிழமை, ஒரு சின்னச் சறுக்கல். பயிற்சிக்கு வந்த பெண் இடது கையில் ஊசியைக் கொஞ்சம் ஆழமாக விட்டுவிட்டாள், கொப்புளம் எழும்பவில்லை. சிஸ்டர் பார்த்துவிட்டு, பக்கத்தில் திரும்ப ஒன்று போட்டார். அந்தப் பெண் "சாரிங்க சார்" என்று நாலு தடவை சொன்னாள். (எட்டுக் குத்து என்று மேலே சொன்னேன், கணக்குப்படி ஒன்பது.) இதற்கு மதிப்பெண் கூட்டத்தான் தோன்றுகிறது. கவனித்தார்கள், மறைக்கவில்லை. ஏழாம் நாள் விசேஷம் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவே நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் நாயைக் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நாயின் எச்சிலில் வைரஸ் வருவது அதற்கு நோய் தெரிவதற்குச் சில நாள் முன்னால் இருந்துதான். கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழுந்து செத்திருக்கும். உயிரோடு நன்றாக இருந்தால் அன்றைய கடியில் வைரஸ் இல்லை. ஆனால் அதற்காகப் பத்து நாள் காத்திருந்து ஊசி போடக் கூடாது, ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும். எனக்கு அது சுலபம், தினமும் 5.10க்கு அங்கேதானே போகிறேன். குழாயில் இருந்து இருபதடி தள்ளி வண்டியை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்ப்பேன். பச்சையாக இரண்டு கண், பின்னால் நாலு குட்டி. ஐந்தாம் நாள் காணவில்லை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கால் வேறு குறுகுறுக்கிற மாதிரியே இருந்தது. ஆறாம் நாள் கறிக்கடைப் பக்கம் இருந்து எதையோ கவ்விக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு உறுமலை நான் கேட்டதில்லை.

அப்படியென்றால் 28ஆம் நாள் ஊசி எதற்கு என்று கேட்டேன். நாய் பிழைத்ததால் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டுக்கொண்டால் முன்கூட்டியே தடுப்பூசி போட்ட ஆள் என்ற கணக்கில் வந்துவிடுவீர்கள் என்றார் டாக்டரம்மா. அடுத்த தடவை கடிபட்டால் இரண்டே நாள் ஊசி, அன்றைக்கும் மூன்றாம் நாளும். குதிரை மருந்து வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே போனேன். பேப்பர் போடுகிறவனுக்கு அடுத்த தடவை என்பது வருமா வராதா என்ற கேள்வி அல்ல.

ஆக மதிப்பெண். தடுப்பூசிக்கு ஐந்து. காயத்துக்குள் போட்ட மருந்துக்கு ஐந்து, வாய்விட்டுக் கத்தியபடியே. சுகாதார நிலையத்துக்கு நாலரை, அரை அந்தப் பெஞ்சுக்காகப் போனது. எனக்கு இரண்டு, முக்கால் மணி நேரம் பேப்பர் போட்டதற்கு.

ஊசி போட்ட சீட்டை லேமினேட் செய்து வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். லைன் பையன்கள் இரண்டு பேருக்கும் கடிபடுவதற்கு முன்பே போட முடியுமா என்று கேட்டேன். இங்கே கடிபட்டு வருகிறவர்களுக்குத்தான், முன்கூட்டி வேண்டுமென்றால் வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தீபாவளி போனஸோடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதுவரைக்கும் நீலக் கட்டி சோப்பை இரண்டாக அறுத்து, பாலிதீனில் சுற்றி, ஆளுக்கு ஒரு துண்டு பையில் போட்டுவிட்டேன். சின்னவன் அதை மோந்து பார்த்துவிட்டு, "எதுக்குங்ணா, வேர்வ நாத்தம் அடிக்குதா?" என்றான்.